டீயா, காப்பியா, கலரா, பீரா? கடைமடைலேர்ந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "தினமும் குடிக்கிறதுல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எது? கூல்டிரிங்ஸ், டீ, காப்பி, கிராஃப்ட் பீர்னு எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஏன் புடிக்கும்னும் சொல்லுங்க."

டீ. இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. ஆனா ஏன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் நீளமா எழுதுறேன், ஏன்னா எனக்கு டீயா காப்பியாங்கிறதைவிட அது எந்தத் தண்ணில போட்டதுங்கிறதுதான் முக்கியம், இதை வெளியூர் ஆளுங்ககிட்ட சொன்னா "தண்ணில என்னங்க இருக்கு"ன்னு கேக்குறாங்க. தண்ணிலதாங்க எல்லாமே இருக்கு.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. டெல்டான்னு சொன்னதும் எல்லாரும் தஞ்சாவூர் பச்சை வயல், கரை புரண்டு ஓடுற காவிரின்னு நெனைப்பாங்க, எங்களுது கடைமடை. ஜூன் 12ல மேட்டூர் தொறந்தாங்கன்னா அந்தத் தண்ணி கல்லணை வந்து வெண்ணாத்துல இறங்கி பிரிஞ்சு பிரிஞ்சு எங்க வாய்க்காலுக்கு வரும்போது வந்தா உண்டு, இல்லன்னா இல்ல. இந்தப் பக்கம் கடல். 1930ல ராஜாஜி திருச்சிலேர்ந்து நடந்து வந்து உப்பு அள்ளுனது இந்த வேதாரண்யத்துலதான், உப்பளம் இருக்குற ஊர்ல நிலத்தடித் தண்ணி எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. எங்க வீட்ல போர் போட்டப்ப வந்தது உப்புத்தண்ணிதான். குளிச்சா தலைமுடி பிசுக்குன்னு ஒட்டும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

அந்தத் தண்ணில டீ போட்டா என்னாகும்னு ஒரு தடவை கண்ணால பாத்திருக்கேன். அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கிறேன், பெரியம்மா வீட்லேர்ந்து ஆளுங்க திடீர்னு வந்துட்டாங்க, நல்ல தண்ணி குடம் காலி. அம்மா அவசரத்துக்கு போர் தண்ணியையே அடுப்புல வச்சி தூளைப் போட்டு பாலை ஊத்துனாங்க. கொதி வந்துச்சு, அப்படியே ஓரத்துலேர்ந்து சின்னச் சின்ன பொட்டா வெள்ளை வெள்ளையா பிரிய ஆரம்பிச்சிச்சு. அம்மா ஒண்ணும் பேசல, அடுப்பை அணைச்சிட்டு என் கையில இடுப்புக்குடத்தைக் குடுத்து "குளத்துக்கு ஓடுடா"ன்னாங்க. அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கும் மறக்கல. வந்தவங்களுக்கு ஒரு டீ குடுக்க முடியலயேங்கிறது எங்க பக்கம் சின்ன விஷயம் இல்லீங்க.

நல்ல தண்ணிக் குளம்னு ஊருக்கு ஒண்ணு இருக்கும். மாடு எறக்கக் கூடாது, துணி தொவைக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது. மழைத்தண்ணியும் ஆத்துத்தண்ணியும் அதுல நிக்கும். புதுத்தண்ணி வர்ற சமயம் ஒரே கலங்கலா செவப்பா இருக்கும், அப்ப பாட்டி மண்பானையோட உள்பக்கத்துல தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சி வச்சிட்டு தண்ணியை ஊத்துவாங்க, காலைல பாத்தா சேறெல்லாம் அடில படிஞ்சி மேல கண்ணாடி மாதிரி நிக்கும். அந்த மேல் தண்ணியை மொண்டுதான் டீ. அந்த ருசி வேற. அதுக்கு இணையா ஒண்ணு நான் இதுவரைக்கும் குடிக்கல.

இதையும் சொல்லிடணும். அந்தக் குளத்துல எல்லாரும் எறங்கிட முடியாது ஒரு காலத்துல. எந்தத் தெரு ஆளுங்க எந்தப் படில எறங்கலாம், யாரு கரையில நின்னு யாராவது ஊத்துனாத்தான் வாங்கிக்கணும்னு இருந்துச்சு. டீக்கடையிலயும் சிலருக்குத் தனி கிளாஸ், சில கடையில கொட்டாங்குச்சி. இதை எதிர்த்து இந்த மண்ணுல பெரிய போராட்டமே நடந்துச்சு, கூலி ஆளுங்களுக்கு சாணிப்பாலும் சாட்டையடியும் தண்டனையா இருந்த இடத்துல கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் மாதிரி ஆளுங்க வந்து விவசாயக் கூலிங்களை சங்கமா சேத்தாங்க. எங்க ஊர் டீக்கடையில இப்ப ஒரே பெஞ்சு, ஒரே கிளாஸு. டீ எனக்கு ஏன் புடிக்கும்னா அதுல இதுவும் ஒண்ணு. காப்பி மிராசுதார் வீட்டுத் திண்ணையில இருந்துச்சு, டீ வயலுக்கு வந்துச்சு. நடவு அன்னிக்கு பதினொரு மணிக்கு தூக்குவாளில டீயும் ஒரு பொட்டலம் வடையும் வரப்புக்கு வரும் பாருங்க, சேத்துலேர்ந்து கரையேறி கையை வாய்க்கால்ல அலம்பிட்டு முதல் மடக்கு குடிக்கிறப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் பேச மாட்டாங்க.

காப்பியைக் குறைச்சு சொல்றேன்னு நெனைச்சிடாதீங்க. அத்தையைக் கும்பகோணத்துல கட்டிக்குடுத்திருந்தாங்க, லீவுக்கு அங்க போனா காலைல பித்தளை ஃபில்டர்ல எறங்குற முதல் டிகாஷன், அப்பக் கறந்த பால், தண்ணி கலக்காதது, கள்ளிச்சொட்டு மாதிரி காப்பி. டவரால ரெண்டு ஆத்து ஆத்திக் குடுப்பாங்க. டிகிரி காப்பிங்கிற பேருக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, பாலை டிகிரி பாத்து வாங்குனதாலன்னு சிலர், சிக்கரிதான் திரிஞ்சி டிகிரி ஆச்சுன்னு சிலர். அத்தை இதுல எதையும் காதுல வாங்க மாட்டாங்க, "இது காவிரித் தண்ணிடா, அதான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அவங்க சின்ன வயசுல கோடையில ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, முதல்ல வர்ற கலங்கலை எறைச்சிட்டு, தெளிஞ்சி ஊறுற தண்ணியைத்தான் காப்பிக்கு எடுத்துட்டு வருவாங்களாம். இன்னிக்கு எந்த ஹைவேல போனாலும் கும்பகோணம் டிகிரி காப்பின்னு போர்டு வச்சிருக்காங்க, பித்தளை டவரா செட்டும் பளபளன்னு இருக்கு, ஆனா வாயில வச்சா அத்தை வீட்டுக் காப்பி வரல. பித்தளையைக் கொண்டு போயிட்டாங்க, தண்ணியைக் கொண்டு போக முடியலன்னுதான் எனக்குத் தோணும்.

கலர் பத்தி. (எங்க பக்கம் கூல்டிரிங்ஸ்னு சொல்றது டவுன்லதான், ஊர்ல எல்லாமே கலர்தான்.) விருந்தாளி வந்தா பையனை சைக்கிள்ல அனுப்பி நாலு கலர் வாங்கியாரச் சொல்றது மரியாதை. நான் பொவொன்டோ கட்சி. காளிமார்க் 1916ல ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம ஊர் கம்பெனி, அந்த திராட்சை வாசனை எனக்கு இன்னிக்கும் யாரோட கல்யாணப் பந்தலையாவது ஞாபகப்படுத்தும். 2017ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட கோக் பெப்சி விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் சொன்னப்ப எங்க கடைத்தெருவுல பொவொன்டோ வந்து எறங்குன வேகத்துக்கே தீந்துச்சு. அப்புறம் கோலி சோடா, பன்னீர் சோடா. அந்தக் கோலி பாட்டில் வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சது, ஹிராம் காட்னு ஒரு ஆளு, 1872ல. உள்ள இருக்குற கேஸே கோலியை மேல தள்ளி வாயை அடைச்சுக்கும், கட்டைவிரலை வச்சி அமுக்குனா பொசுக்குன்னு தொறக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பாதி தாகம் போயிடும்.

பீருக்கு வர்றேன். கேள்வில கிராஃப்ட் பீர்னு, அதாவது சின்ன இடத்துல கொஞ்சம் கொஞ்சமா காய்ச்சுற பீர்னு, இருந்ததாலதான் இவ்ளோவும் எழுதவே தோணுச்சு. ஆறு வருஷம் பெங்களூர்ல வேலை பாத்தேன். அங்க கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் பீர் காய்ச்சுற இடத்துல இருந்தான், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டுப் போனான். அதுவரைக்கும் எனக்கு பீர்னா கசப்பா, தலைவலி வர்ற மாதிரி, அவ்ளோதான். அவன் ஒரு கோதுமை பீர் குடுத்தான், மூக்குகிட்ட கொண்டு போனதும் அம்மா ரசப்பொடிக்கு மல்லி வறுக்குற வாசனை அடிச்சிச்சு. "என்னடா இது"ன்னேன். "மல்லிதான்டா, தட்டுன தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போடுவோம், பெல்ஜியத்துல இப்படித்தான் செய்வாங்க"ன்னான். அடுத்து கறுப்பா ஒண்ணு, அதுல பார்லியைக் கருக வறுத்துப் போடுறதால அசல் காப்பி வாசனை. எனக்கு அந்த கோதுமை பீர் உண்மையிலேயே புடிச்சிச்சு, இப்பவும் பெங்களூர் போனா ஒரு கிளாஸ் குடிப்பேன், நம்ம டாஸ்மாக்ல கிடைக்கிற ஸ்ட்ராங் பீருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆனா அன்னிக்கு என்னை உக்கார வச்சது பீர் இல்ல, அவன் சொன்ன ஒரு விஷயம். எதுலேர்ந்து ஆரம்பிப்பீங்கன்னு கேட்டதுக்கு, மால்ட்டு (முளைகட்டிக் காயவச்ச பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுற பூ)னு சொல்லுவான்னு பாத்தா, "முதல்ல தண்ணியைத்தான்டா டெஸ்ட் பண்ணுவோம்"ன்னான். பீர்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணிதானாம். செக் நாட்டுல பில்சன்னு ஒரு ஊரு, அங்க தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, அதனாலதான் அங்க அந்த மெல்லிசான பொன் நிற பீர் பொறந்துச்சு. இங்கிலாந்துல பர்ட்டன்னு ஒரு ஊரு, அங்க நிலத்தடித் தண்ணில ஜிப்சம்ங்கிற உப்பு நெறைய, அதுல காய்ச்சுனா கசப்பு எடுப்பா நிக்கும், அதனால அந்த ஊரு அந்த மாதிரி பீருக்குப் பேர் வாங்கிடுச்சு. இப்ப மத்த ஊர்க்காரங்க தண்ணியை சுத்தமாக்கிட்டு அந்தந்த உப்பைக் கணக்கா சேத்து அந்த ஊர்த் தண்ணி மாதிரி ஆக்கிக்கிறாங்களாம்.

அவன் பாட்டுக்குச் சொல்லிட்டே போறான், எனக்கு இடுப்புக்குடத்தோட குளத்துக்கு ஓடுனது ஞாபகம் வந்துடுச்சு. எங்க அம்மா படிச்சது எட்டாவது, அவங்களும் இதையேதான் செஞ்சிட்டு இருந்தாங்க, இந்தத் தண்ணி பருப்புக்கு, இந்தத் தண்ணி டீக்குன்னு. வீட்டுக்கு போன் பண்ணி சொன்னேன், "பீர்க்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிதாமா"ன்னு கேட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி இன்னொண்ணு யோசிச்சேன். பெங்களூர் குழாய்ல வர்றதும் காவிரிதான், நூறு கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து மோட்டார் வச்சி மேட்டுல ஏத்திக் கொண்டு வர்றாங்க. காப்பிக்கொட்டை வெளையுற குடகுலதான் தலைக்காவிரி இருக்கு. டீ வெளையுற நீலகிரிலேர்ந்து எறங்குற தண்ணி பவானில சேந்து பவானி கூடுதுறையில காவிரியோட கலக்குது. ஆக மேல இருக்குற மலையில பெய்யுற மழைதான் செடிக்கும் போகுது, மிச்சம் எங்களுக்கும் வருது. டீத்தூளும் தண்ணியும் ஒரே மலைலேர்ந்து எறங்கி வந்து எங்க கடைமடைப் பாத்திரத்துல ஒண்ணா சேருதுன்னு நெனைச்சப்ப எனக்கு ஒரு மாதிரி நெஞ்சு நெறைஞ்சி போச்சு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்கதான் எழுதுறேன்.

இளநீர் சொல்லாம விட்டா எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. ஆனா எனக்கு இளநீர்னாலே கஜா புயல்தான். 2018 நவம்பர் 16, விடியக்காலைல வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்துச்சு. விடிஞ்சி வெளில வந்தா தோப்பு படுத்துக் கெடக்கு. தாத்தா வச்ச மரங்க, ஒண்ணு மேல ஒண்ணு. கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, குளத்துல ஒரே தழை. குடிக்க இருந்தது விழுந்து கெடந்த மரத்துல இருந்த இளநீர்தான். அருவாளை எடுத்துட்டுப் போய் படுத்துக் கெடக்குற மரத்துலேர்ந்து நின்ன வாக்குல சீவிக் குடிச்சோம். அதுக்கு முன்னாடி ஏறித்தான் பறிக்கணும். அப்பா ஒண்ணை சீவி கையில வச்சிட்டு ரொம்ப நேரம் குடிக்காமயே நின்னாரு. தென்னை திரும்ப வச்சி காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், இப்பத்தான் எங்க தோப்புல ரெண்டு மூணு மரம் பாளை விட்டிருக்கு.

புயலுக்கு மூணாம் நாள் டீக்கடை தொறந்துச்சு. கூரை கெடையாது, பால் கெடையாது, வெறகடுப்புல வரட்டீ, சக்கரையும் பாதிதான். அந்த மாஸ்டர் யார்கிட்டயும் அன்னிக்குக் காசு வாங்கல. நனைஞ்ச துண்டோட நின்னுக்கிட்டு அந்த டீயைக் குடிச்சப்பத்தான் ஒடம்புல சூடு ஏறுச்சு, மூணு நாளைக்கு அப்புறம் ஊர்க்காரங்க ஒருத்தரை ஒருத்தர் நிமிந்து பாத்துப் பேசுனாங்க. அதனாலதான் கேட்ட ஒடனே டீன்னேன்.

(நீச்சத்தண்ணியைப் பத்தி எழுதவே இல்ல, தாத்தா வயலுக்குப் போறதுக்கு முன்னாடி பழைய சோத்துத் தண்ணில ரெண்டு கல்லு உப்பு போட்டு சின்ன வெங்காயத்தைக் கடிச்சிக்கிட்டு ஒரு செம்பு குடிப்பாரு, அதுக்குத் தனியா ஒரு பதில் எழுதணும்.)

இப்ப எங்க ஊருக்கு கொள்ளிடத்துத் தண்ணி பைப்ல வருது. தெனமும் வராது, வர்ற அன்னிக்கு தெருவே குடத்தோட நிக்கும். மத்ததெல்லாம் பிளாஸ்டிக் குடந்தான், அம்மா மட்டும் ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சி தனியா நெரப்பி, மேல தட்டு போட்டு மூடி அடுப்படி மூலையில வச்சிடுவாங்க. அதுல சமைக்கக் கூடாது, கை கழுவக் கூடாது. நேத்து என் பொண்ணு தாகம்னு அதுல சொம்பை விடப் போனா, "அது டீத்தண்ணி கண்ணு, பக்கத்துப் பானைல எடு"ன்னாங்க.