கலர் போட்ட தலைமயிரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாமே பார்லரில் போட்ட கலரும் ஸ்டைலும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே கெட்டுப்போவது பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மெரூன் கலர் போட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை, செம்பட்டையாகி மினுக்கமும் போய்விட்டது. கொழும்பில் இருக்கும் தங்கச்சி போட்டதும் இதே கலர்தான், அவளுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பார்லரில் மலிவுச் சாயம் பாவித்துவிட்டார்களா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: சாயத்தைக் குறை சொல்ல முதல் கிணற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கி வரும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். தலைமயிரிலும் அதே படிவு ஏறுகிறது. கொழும்புக் குழாய்களில் வருவதில் பெரும்பகுதி களனி கங்கைத் தண்ணீர், அது மென்னீர். தங்கச்சிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதில் இருக்கிறது.

மற்றப் பாதி நிறத்தில். சிவப்பு, மெரூன், பேர்கண்டி வகைதான் எந்தத் தண்ணீரிலும் முதலில் வெளிறும். நிரந்தரச் சாயம் போடும்போது அமோனியா மயிரின் வெளிச்செதில்களைத் திறந்துவிட, பெரொக்சைட்டு உள்ளே நிறத்தை உருவாக்குகிறது. திறந்த செதில் பிறகு பழையபடி இறுக்கமாக மூடாது. ஒவ்வொரு முறை நனையும்போதும் மயிர் ஊதும், கொஞ்சம் சாயம் வெளியே வரும். கல்சியம் நேரடியாகச் சாயத்தைப் பிடுங்குவதில்லை. கலர் போட்ட மயிரில் கூடுதலாக ஒட்டி, சொரசொரப்பாக்கி, வெளிச்சத்தை மங்கவைக்கிறது. நுரையும் வராது. நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஷாம்பூ, இன்னும் கொஞ்சம் தேய்ப்பு. நிறம் போவது அந்தத் தேய்ப்பில்தான்.

உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டு, உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சுண்டுவிரல் நகமளவு சீவிப்போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இன்னொரு போத்தலில் மழைத்தண்ணீர் விட்டு அதேபோலச் செய்யுங்கள். மழைத்தண்ணீரில் நுரை நிமிர்ந்து நிற்கும். கிணற்றுத் தண்ணீர் பால்போல் கலங்கி, மேலே திரி திரியாகத் திரைந்தால் அது கடின நீர். இந்தச் சோதனைக்கு ஷாம்பூ உதவாது, சவர்க்காரம்தான் வேண்டும். அந்தத் திரைதான் சவர்க்காரம் போட்டு முழுகும் ஒவ்வொரு முறையும் தலையில் படிகிறது. ஆகவே கலர் போட்ட தலைக்குச் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. கலர் போட்ட பிறகு முதல் 72 மணித்தியாலம் தலை முழுக வேண்டாம். அதன்பின் கிழமைக்கு இரண்டு முறை போதும். தோள் வரை உள்ள மயிருக்கு ஷாம்பூ 10 மில்லிலீற்றர். அதைச் சின்னக் கோப்பையில் 50 மில்லிலீற்றர் தண்ணீரோடு கலக்கி, உச்சந்தலைத் தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். நுனி மயிருக்கு வழிந்து வருகிற நுரையே காணும். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் பூசி 3 நிமிடம் விடுங்கள். சுடுதண்ணீர் கூடாது. குளிருக்குப் பழக்கமில்லாதவர்கள் வெதுவெதுப்பாக எடுக்கலாம்.

கடைசி அலசலை மட்டும் கிணற்றிலிருந்து எடுக்காதீர்கள். 2 லீற்றர் மழைத்தண்ணீர், அல்லது குடிக்க வாங்கும் வடிகட்டிய தண்ணீர் போதும். மாரி தொடங்கியதும் முதல் மழைகளைக் கூரை கழுவ விட்டு, பிறகு பீலித் தண்ணீரை மூடியுள்ள வாளியில் பிடித்து வையுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு இணையான விலையுயர்ந்த சாமான் எதுவும் கடையில் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏற்கனவே படிந்ததை எடுக்க, இரண்டு கிழமைக்கு ஒருமுறை 1 லீற்றர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து, ஷாம்பூவுக்குப் பிறகு மயிரில் ஊற்றி, ஒரு நிமிடத்தில் அலசுங்கள். தலையில் புண், கீறல் இருந்தால் தவிருங்கள். படிவு அதிகமென்றால் ஈ.டி.டி.ஏ. (கல்சியம், இரும்பு போன்றவற்றைப் பிடித்து அகற்றும் பொருள்) சேர்ந்த, கடின நீருக்கென்று விற்கும் ஷாம்பூ உண்டு. மூன்று கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அதைப் பாவிக்கச் சிறந்த நேரம் அடுத்த கலருக்குப் போக இரண்டு நாளுக்கு முன். படிவு இல்லாத மயிரில் சாயம் திட்டுத்திட்டாகாமல் பிடிக்கும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து, தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தோய்வதுதான் வீட்டு வழக்கம். கலர் போட்ட பிறகு இதெல்லாம் விடவேண்டுமா? அம்மாவுக்கு மனவருத்தம். (வாசகி, சுன்னாகம்)

பதில்: அம்மா வருத்தப்பட வேண்டாம், எண்ணெய் நல்லது. அதிலும் தேங்காய் எண்ணெய் மயிரின் உள்ளே இறங்கும். 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில் மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டோடும் ஒப்பிட்டபோது, மயிரிலிருந்து புரதம் கழுவுப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. முழுகமுதல் ஒரு மணித்தியாலம் ஊறினால், மயிர் தண்ணீரில் ஊதுவதும் குறையும். தோள் வரை மயிருக்கு 2 தேக்கரண்டி காணும். நல்லெண்ணெய் வைக்கிறவர்கள் நுனிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் பூசலாம். கலர் போட்ட முதல் கிழமையில் மட்டும் எண்ணெயைத் தள்ளி வையுங்கள்.

பிரச்சினை எண்ணெயை எடுக்கும் விதத்தில். வழிய வழிய வைத்தால் எடுக்க இரண்டு மூன்று தரம் தேய்க்க வேண்டிவரும். அதோடு அரப்பின் சக்கை மயிரில் உரசும். அவித்த அரப்பை மெல்லிய துணியில் வடித்து, சாற்றை மட்டும் பாவியுங்கள். வெளிறிய ஹைலைட் உள்ளவர்களுக்கு அரப்பு மங்கலான மண்ணிறம் ஏற்றும், அவர்கள் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு வேறு வழி: எண்ணெய்த் தலையை நனைத்ததும் முதலில் கண்டிஷனரைப் பூசி 2 நிமிடம் பிசையுங்கள். எண்ணெய் அதோடு கலந்து இளகும். பிறகு கரைத்த ஷாம்பூ ஒருமுறை போட்டாலே போய்விடும்.

தேசிக்காய்ப் புளியை அப்படியே விடாதீர்கள். கடும் புளி, நிறத்தை வெளிற்றும். புளி பட்ட தோலில் வெய்யில் பட்டால் நெற்றியிலும் கழுத்திலும் கொப்புளித்துக் கறுப்படிக்கவும் கூடும். முதல் பதிலில் சொன்ன வினாகிரி அளவு அந்த வேலையைப் பத்திரமாகச் செய்யும்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட் வேர்வை. தினமும் முழுகாமல் எப்படி இருப்பது? (வாசகி, கோண்டாவில்)

பதில்: ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள். தினமும் அந்தத் துணியைத் தோயுங்கள், தலையை அல்ல. வீட்டுக்கு வந்ததும் தலையை அவிழ்த்து மின்விசிறியின் கீழ் காயவிடுங்கள். ஈரத்தோடு பின்னிக் கட்டினால் மணமும் பொடுகும் வரும், நனைந்த மயிர் இழுபட்டு அறும். முழுகிய நாளில் துவாயால் முறுக்கிப் பிழியாமல், பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றியெடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

பொடுகு இருந்தால் ஒரு எச்சரிக்கை. செலீனியம் சல்பைட்டு உள்ள பொடுகு ஷாம்பூ கலரை மாற்றிவிடக்கூடும். வாங்கும்போது கலர் போட்ட தலை என்று பார்மசியில் சொல்லி, வேறு மருந்துள்ளதைக் கேளுங்கள்.

கேள்வி: பழுப்புப் பொன்னிறமாகப் போட்ட ஹைலைட் செம்மஞ்சளாக மாறிவிட்டது. ஊதா ஷாம்பூ வாங்கிப் போட்டும் பலனில்லை. (வாசகி, கல்வியங்காடு)

பதில்: ஊதா மஞ்சளைத்தான் அடக்கும், செம்மஞ்சளை அடக்குவது நீலம். எங்கள் கறுத்த மயிரை வெளிறவைக்கும்போது அது சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்ற வரிசையில்தான் திறக்கும். பெரும்பாலும் செம்மஞ்சளோடு நிறுத்தி, மேலே டோனர் என்ற மெல்லிய, தற்காலிக நிறப்பூச்சைப் போட்டு மூடிவிடுவார்கள். டோனர் 4 முதல் 6 கிழமையில் கழுவுப்பட்டுப் போக, அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. பிழை ஒன்றும் நடக்கவில்லை. பழுப்பு ஹைலைட்டுக்கென்று விற்கும் நீல ஷாம்பூவை வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டு நிறத்தை உறுதிசெய்து, கிழமைக்கு ஒருமுறை 2 நிமிடம் மட்டும் வையுங்கள். கூட வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும்.

கிணற்றடிச் சீமெந்திலோ வாளியிலோ செங்கறை பிடிக்கிறதா? அப்படியானால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அதுவும் இதே நிறத்தைத் தரும். முதலில் ஈ.டி.டி.ஏ. ஷாம்பூவால் ஒருமுறை எடுத்த பின்பே நீலத்தைப் போடுங்கள்.

கேள்வி: காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகிறோம். கலர் போய்விடுமா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: போகமுதல் நல்ல தண்ணீரால் தலையை நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் பூசி, கொண்டை போட்டுவிட்டு இறங்குங்கள். ஏற்கனவே நனைந்த மயிர் உப்புத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். நீச்சல் தடாகத்துக்கும் இதுவே வழி. வெளியே வந்ததும் அங்கேயே அலச 2 லீற்றர் நல்ல தண்ணீர் போத்தலில் கொண்டு போங்கள்.

கேள்வி: ஆவணியில் கல்யாணம். கலர் எப்போது போடுவது? ஸ்ட்ரெயிற்றும் செய்ய ஆசை. அன்று காலை பாலும் அறுகும் வைத்துத் தோய வார்ப்பார்களே, கலர் கரையாதா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: பாலும் அறுகும் ஒன்றும் செய்யாது. கலர் பழையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு 8 முதல் 10 நாளுக்கு முன் போடுங்கள். நிறம் பிடிக்காவிட்டால் திருத்த நாள் இருக்கும், தோலில் பட்ட கறையும் போயிருக்கும். வார்க்கும் தண்ணீர் சுடாமல் இருக்கட்டும். பால் மணம் போக ஒருமுறை ஷாம்பூ போதும். முகூர்த்தம் காலை என்றால் மயிர் காய நேரம் வேண்டும், வார்ப்பதை விடியற்காலையிலேயே முடித்துவிடச் சொல்லி வையுங்கள்.

நிரந்தர ஸ்ட்ரெயிற்றனிங் செய்வதானால் அதுதான் முதலில், கலர் அதற்குக் குறைந்தது இரண்டு கிழமைக்குப் பிறகு. இரண்டையும் ஒரே நாளில் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒன்று மயிரின் உள் இணைப்புகளை உடைக்கிறது, மற்றது செதிலைத் திறக்கிறது. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சீப்போடு மயிர் அறுந்து வரும். ஆடி, ஆவணிக்குள் இரண்டும் அடங்காவிட்டால் ஸ்ட்ரெயிற்றனிங்கை விட்டுவிட்டு, அன்று மட்டும் அயனால் இழுப்பதே எங்கள் சிபாரிசு.

அயன் பிடிக்கும்போது மயிர் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மயிரில் 180 பாகை செல்சியஸ் பட்டால் உள்ளேயுள்ள தண்ணீர் ஆவியாகி மயிரின் உள்ளேயே குமிழ் விடும், அந்த இடத்தில் ஒடியும். அது திருத்தமுடியாத பாதிப்பு. கலர் மயிருக்கு 150 முதல் 160 பாகை போதும். வெப்பக் காப்பு ஸ்பிரே அடித்து, அது காய்ந்த பின், 2 சென்ரிமீற்றர் அகலக் கற்றையாக எடுத்து ஒரே இழுவை. பாகை காட்டாத அயனை வாங்கவே வேண்டாம்.

ஆவணி வெய்யிலையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்டில் நாள் முழுக்க வெறுந்தலையோடு நின்றால் கலர் வெளிறும். குடை பிடியுங்கள், அல்லது முந்தானையால் மூடுங்கள்.

இரவில் அலங்காரத்தைக் கலைக்கும்போது ஊசிகளை எல்லாம் எடுத்த பிறகு, ஸ்பிரே இறுகிய இடங்களில் கண்டிஷனரைத் தண்ணீரில்லாமல் பூசி 10 நிமிடம் விட்டுச் சிக்கெடுங்கள். களைப்பில் அப்படியே சீப்பை இழுத்தால் ஒரு பிடி மயிர் போகும்.

கேள்வி: எனக்கு வயது 61. நரைக்குப் பைக்கற் கறுப்பு ஹெனா பல வருடமாகப் போடுகிறேன். இப்போது போட்டால் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் கடிக்கிறது, சிவக்கிறது. மருதோண்டிதானே, ஏன் கடிக்கிறது? (வாசகர், வேலணை)

பதில்: ஐயா, தனி மருதோண்டி செம்மண்ணிறத்தை மட்டும் தரும், கறுப்பைத் தராது. கறுப்பு ஹெனா என்று விற்பவற்றில் பெரும்பாலும் பாராஃபினைலின்டயமின் என்ற சாய வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். பி.பி.டி. என்று பைக்கற்றில் சுருக்கியும் போட்டிருப்பார்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு ஒரு நாள் அதற்கு ஒவ்வாமை காட்டத் தொடங்கும். தொடங்கினால் திரும்பப் போகாது, அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். இனி அதைப் போடாதீர்கள். வேறு கொம்பனிக் கறுப்புச் சாயத்துக்கு மாறுவதும் தீர்வல்ல, அதிலும் அநேகமாக இதே பொருள் இருக்கும்.

தோல் வைத்தியரைக் காட்டி, ஒவ்வாமையை உறுதிசெய்த பின் அவர் சொல்லும் மாற்றைப் பாவியுங்கள். எதைப் போடுவதானாலும் 48 மணித்தியாலத்துக்கு முதல் முழங்கை மடிப்பில் ஐந்து சதக் குற்றியளவு பூசிப் பாருங்கள். கடித்தாலோ சிவந்தாலோ அது உங்களுக்குரியதல்ல. முகமோ கண்ணிமையோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்தப் பைக்கற்றையும் கையோடு கொண்டு போங்கள்.