டீஃபால்ட் அவுட்புட்டை மாற்றலாமா? கட்டளைவரிக் கருவிகள் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

கட்டளை அடித்து ஓட்டும் கட்டளைவரிக் கருவிகளைப் பராமரிப்பவர்களும், அவற்றை ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புக்குள்) வைத்து ஓட்டுபவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். டீஃபால்ட் அவுட்புட் என்பது, எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஓட்டினால் கருவி அச்சிடுவது.

கேள்வி: அண்ணா, எங்கள் குழுவின் பேக்அப் கருவி கோப்புக்கு ஒரு வரி அச்சிடுகிறது. நடுநடுவே பிழை தேடுவதற்காக எழுதிய பழைய டீபக் வரிகள், கடைசியில் ஒரு மொத்தம். படிக்கவே முடிவதில்லை. சுத்தம் செய்யலாம் என்றால், "யாராவது இதை கிரெப் கட்டளையால் தேடி எடுத்துக்கொண்டிருப்பார்கள், கைவைக்காதே" என்கிறார் மூத்தவர் ஒருவர். யார் பக்கம் நியாயம்?

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஹைரம் விதி என்று ஒன்று உண்டு: பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், வெளியில் தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார், நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. லினக்ஸில் பிணைய அமைப்பைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையைப் பாருங்கள். பழைய வடிவத்தில் ஐபி முகவரிக்கு முன்னால் 'இனெட் ஆடர்:' என்று இருக்கும். அந்தக் கட்டளை அடங்கிய நெட்-டூல்ஸ் தொகுப்பின் புதிய வெர்ஷன்களில் அது வெறும் 'இனெட்' ஆனது. பார்ப்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த முக்காற்புள்ளியை வைத்து வரியை வெட்டிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் முகவரி கிடைக்காமல் நின்றன.

அதற்காகக் கைவைக்கவே கூடாது என்றும் ஆகாது. உங்கள் அவுட்புட்டை மனிதரும் படிக்கிறார், நிரலும் படிக்கிறது. இருவருக்கும் ஒரே வரியைக் கொடுத்துவிட்டு, யாருக்கு என்ன வாக்கு என்று எழுதி வைக்காததுதான் சிக்கலின் வேர். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவி இதை நன்றாகவே கையாண்டது. 'கிட் ஸ்டேட்டஸ்' என்று வெறுமனே அடித்தால் வருவது மனிதருக்கானது, அதன் வாசகங்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறலாம். '--போர்சலின்' சேர்த்தால் வருவது ஸ்கிரிப்டுக்கானது, அது மாறாது என்று ஆவணத்திலேயே உறுதி தந்திருக்கிறார்கள். பிறகு கூடுதல் தகவல் தேவைப்பட்டபோதும் அந்த வடிவத்தைத் தொடவில்லை. 2016இல் வெளியான 2.11 வெர்ஷனில் 'வி2' என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதல் வெளியீட்டில் ஸ்கிரிப்டுக்கான நிலையான வடிவத்தைக் கொடுங்கள், டீஃபால்ட்டைத் தொடாதீர்கள். "டீஃபால்ட் அவுட்புட் மாறும், ஸ்கிரிப்டில் இதைப் பயன்படுத்துங்கள்" என்று உதவிப் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் கையேடு இதைத்தான் செய்கிறது: டீஃபால்ட்டை நம்பாதீர்கள், வேண்டிய நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள் என்கிறது. அப்புறம், ஒன்றிரண்டு வெளியீடுகள் கழித்து, டீஃபால்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். மாற்றுவழி திறக்கும் முன்பே பழைய வழியை மூடுவதுதான் பயனரைக் கோபப்படுத்துகிறது.

கேள்வி: இவ்வளவு எதற்கு? அவுட்புட் டெர்மினலுக்குப் (திரைக்கு) போகிறதா பைப்புக்குப் (வேறொரு கட்டளைக்கு) போகிறதா என்று கருவியே கண்டுபிடித்து வடிவத்தை மாற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: பாதிக்குப் போதும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் நெடுங்காலமாக அப்படித்தான் நடக்கிறது: டெர்மினலில் பல நெடுவரிசைகள், பைப்பில் வரிக்கு ஒரு பெயர். 2016இல் வந்த குனு கோர்யூட்டில்ஸ் (எல்எஸ் அடங்கிய தொகுப்பு) 8.25இல், இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கினார்கள், அதுவும் டெர்மினலில் மட்டும். பைப்பை நம்பிய ஸ்கிரிப்டுகள் தப்பின. ஆனால் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் பலர் கொதித்துப் போனார்கள். பழையபடி வேண்டுமென்றால் '-என்' ஆப்ஷன் இருக்கிறது. மனிதருக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு, அதையும் மதிக்க வேண்டும்.

நான் வைத்துக்கொள்ளும் எல்லை இது: நிறம், அகலம், முன்னேற்றப் பட்டை போன்ற அலங்காரம் டெர்மினலைப் பார்த்து மாறட்டும். எத்தனை வரிகள், என்ன வரிசை, எந்தப் புலத்தில் என்ன மதிப்பு என்பவை மாறக் கூடாது. மாறினால், பயனர் திரையில் ஒன்றைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதுவார், ஸ்கிரிப்டுக்கு வேறொன்று போய்ச் சேரும். இந்தப் பிழையைத் தேடுவது பெரும் வேதனை. திரை அகலத்துக்காக நீளமான பெயரை வெட்டுகிறீர்கள் என்றால், பைப்பில் முழுப் பெயரும் போகட்டும். இன்னொன்று, சில தானியங்கிச் சூழல்கள் போலி டெர்மினலை உருவாக்கிக் கொடுக்கும். அங்கே உங்கள் கண்டுபிடிப்பு ஏமாந்துவிடும், கையால் அணைக்க ஒரு ஆப்ஷன் அவசியம் வேண்டும்.

கேள்வி: (முதலில் கேட்டவர்) அந்த டீபக் வரிகளையாவது உடனே எடுத்துவிடலாமா?

பதில்: அழிக்க வேண்டாம், பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரருக்கு நகர்த்துங்கள். அதையும் வெளியீட்டுக் குறிப்பில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் எரரில் எது அச்சிட்டாலும் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையா?

பதில்: வழக்கமான முடிவு போகும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை விடப் பாதுகாப்பு, அவ்வளவுதான். 2022இல் வந்த கிரெப் 3.8இல், கிரெப்பையே ஈகிரெப் என்ற பழைய பெயரில் அழைத்தால் 'இது வழக்கொழிகிறது' என்று ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு எச்சரிக்கை வரத் தொடங்கியது. முடிவு அதேதான், வெளியேறும் குறியீடும் (முடியும்போது வெற்றி தோல்வியைச் சொல்லிக் கருவி தரும் எண்) அதேதான். ஆனாலும் எரர் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த சோதனைகள் தோற்றன. யாரோ பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய ஸ்கிரிப்டை இன்று ஓட்டுபவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? திருத்தும் உரிமைகூட அவரிடம் இருக்காது.

எந்தப் பக்கம் என்பதை மாற்றுவதும் சிறிய விஷயம் இல்லை. பைத்தான் தன் வெர்ஷன் எண்ணை முன்பு ஸ்டாண்டர்ட் எரரில் அச்சிட்டது, 3.4இல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு மாற்றினார்கள். எரர் பக்கத்தை மட்டும் படித்தவருக்கு வெற்று வரிதான் கிடைக்கும். ஜாவா வேறு வழியில் போனது: ஒற்றைக் கோட்டோடு வரும் பழைய '-வெர்ஷன்' இன்றும் எரர் பக்கமே அச்சிடுகிறது, ஜாவா 9இல் சேர்த்த இரட்டைக் கோட்டு '--வெர்ஷன்' சரியான பக்கத்தில் அச்சிடுகிறது. இரண்டு ஆப்ஷன்கள் அருகருகே இருப்பது பார்க்க அழகில்லைதான். எனக்கு ஜாவாவின் வழியே பிடிக்கும், ஏனென்றால் யாருடைய வேலையும் நிற்கவில்லை.

கேள்வி: நிறம் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. டெர்மினல் என்றால் மட்டும் போடுங்கள், 'நோ_கலர்' என்ற சூழல் மாறி (கருவிகள் படிக்கப் பயனர் வைக்கும் அமைப்பு) இருந்தால் போடாதீர்கள். 'பிழை' என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் காட்டுங்கள்.

கேள்வி: நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவம் கொடுத்துவிட்டோம். இனி டீஃபால்ட்டை இஷ்டம்போல் மாற்றலாம் அல்லவா?

பதில்: டீஃபால்ட் விஷயத்தில் கை இலகுவாகும், ஆனால் சுமை ஜேசனுக்கு இடம் மாறியிருக்கிறது. அதில் புதிய புலம் சேர்க்கலாம். பெயர் மாற்றுவது, எண்ணாக இருந்ததைச் சரமாக்குவது, இல்லாதபோது காலியாக வந்த பட்டியலை அடியோடு விட்டுவிடுவது எல்லாமே உடைப்புதான். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, மனிதருக்கான அலங்காரத்தை அப்படியே ஜேசனுக்குள் திணிப்பது: '1.2 ஜிபி', '3 நாட்களுக்கு முன்' என்று. அங்கே பைட் கணக்கும் நேர மண்டலத்தோடு கூடிய முழு நேரமும்தான் இருக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடும் கட்டளை என்றால் வரிக்கு ஒரு ஜேசன் பொருளாக அனுப்புங்கள், வாங்குபவர் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் பெயருக்குப் பதிலாக \340\256\205 என்று எண்களாக வருகிறது. இது பிழையா?

பதில்: பிழை இல்லை, பழைய வாக்கு. நீங்கள் காட்டியிருப்பது 'அ' எழுத்தின் மூன்று யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) பைட்டுகள், எண்மக் கணக்கில், அதாவது எட்டின் அடிப்படையில். ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய தொகுதி) வெளியே உள்ள பைட்டுகளை எந்த டெர்மினலும் குழப்பாமல் காட்ட இப்படி மறைத்து எழுதுவதே இன்றும் டீஃபால்ட். 'கோர்.கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள், தமிழ் தமிழாகவே தெரியும். ஸ்கிரிப்டுக்கு என்றால் '-இசட்' ஆப்ஷன் பெயரை மாற்றாமல் தரும். என்னைக் கேட்டால், இந்த டீஃபால்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஸ்கிரிப்டுக்குத் தனி வழி இருக்கும்போது, ஆங்கிலம் அல்லாத பெயர் வைத்த ஒவ்வொருவரும் எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டுமா?

கேள்வி: நான் கருவி எழுதுபவன் இல்லை, ஸ்கிரிப்ட் எழுதுபவன். என் பக்கம் என்ன செய்யலாம்?

பதில்: வெற்றி தோல்வியை வெளியேறும் குறியீட்டை வைத்து முடிவு செய்யுங்கள், வாசகத்தை வைத்து வேண்டாம். வாசகத்தைப் படித்தே ஆக வேண்டும் என்றால் செய்திகள் மொழிபெயர்க்கப்படாமல் வர 'எல்சி_ஆல்=சி' என்று வைத்து ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மொழிபெயர்த்த கணினியில் ஸ்கிரிப்ட் விழும். டெபியன் வகைக் கணினிகளில் மென்பொருள் நிறுவ ஆப்ட் வேண்டாம், ஆப்ட்-கெட் போதும். ஆப்ட்டைப் பைப்பில் போட்டால், தன் இடைமுகம் நிலையானதல்ல என்று அதுவே எச்சரிக்கும்.

கேள்வி: பழைய வடிவத்தை எத்தனை காலம் வைத்திருப்பது?

பதில்: அதை வைத்திருக்க என்ன செலவாகிறது என்று பாருங்கள். முதல் ஐந்து வரிகளைக் காட்டும் 'ஹெட் -5' என்ற பழைய எழுத்துமுறையை, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான 2001ஆம் ஆண்டு போசிக்ஸ் தரம் நீக்கியது. குனு ஹெட் இன்றும் அதை ஏற்கிறது, சில வரி நிரல்தான் செலவு. அப்படிப்பட்டதை எடுக்கவே வேண்டாம். பாதுகாப்பைக் கெடுக்கிறது, தவறான முடிவைத் தருகிறது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது கிட் புஷ்ஷின் (மாற்றங்களை வேறு இடத்துக்கு அனுப்பும் கட்டளை) டீஃபால்ட்டை மாற்றிய விதத்தைப் பாருங்கள்: 1.8 தொடரிலேயே எச்சரித்து, இப்போதே புதிய நடத்தைக்கோ பழையதற்கோ நிலைக்க என்ன அமைப்பு வைக்க வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லி, 2014இல் 2.0 வந்தபோதுதான் மாற்றினார்கள்.