கூடுதலாகக் கட்டிய 3,000 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து 2021-ல் ஒரு வங்கியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினோம். 20 வருடம், மாறும் வட்டி. அப்போது 6.9 சதவீதம், இப்போது 8.15. தவணை 23,080 ரூபாய். கடனைச் சீக்கிரம் முடிக்க என் தையல் வருமானத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் தனியாகக் கடன் கணக்குக்கு அனுப்புகிறேன். இரண்டரை வருடமாகிறது. சென்ற மாதம் வங்கியில் விசாரித்தால் 28 லட்சம் பாக்கி, இன்னும் 257 தவணை என்கிறார்கள். மொத்தமே 240 தவணைதானே? நான் கட்டிய 90,000 ரூபாய் ‘அட்வான்ஸாக’ இருக்கிறதாம். அசலில் கழிக்க 2 சதவீதக் கட்டணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதலில் அந்த 2 சதவீதம். அதைக் கட்டாதீர்கள். தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதமோ கட்டணமோ வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் 5 அன்றே உத்தரவிட்டுவிட்டது. உங்கள் கடன் அதற்கு 9 வருடம் பிந்தியது. வாய்மொழியாகக் கேட்டால் ‘எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி 257 தவணைக்கு வருகிறேன். இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் வழக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முதலாவது வட்டி ஏற்றம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. உங்கள் வட்டியும் அதே அளவு ஏறியிருந்தால் 9.4 சதவீதம். அந்த விகிதத்தில் 29 லட்சம் பாக்கிக்கு ஒரு மாத வட்டியே 22,717 ரூபாய். நீங்கள் கட்டிய 23,080-ல் அசலுக்குப் போனது 363 ரூபாய்! தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை மட்டும் வங்கி நீட்டிவிட்டதால்தான் 240 என்பது இப்படி வளர்ந்தது. 2025-ல் ரெப்போ 5.25-க்கு இறங்கியும் அந்த நீட்டிப்பு முழுதாகச் சுருங்கவில்லை.

இது மட்டுமே சட்டவிரோதம் ஆகாது. ஆனால் 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கிறது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்ற தெரிவைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்கிறது அது. பகுதியாகவோ முழுதாகவோ எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டும் வாய்ப்பும் தர வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை, வட்டி விகிதம் என்ன என்று அறிக்கையும் தர வேண்டும். பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். அந்த அறிக்கைகள் உங்களுக்கு வந்தனவா? வரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இரண்டாவதுதான் என் மனதை உறுத்துகிறது. தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த 90,000 ரூபாய் அசலில் கழியாமல் சும்மா கிடக்கிறது. 8.15 சதவீதத்தில் அது வருடத்துக்கு 7,335 ரூபாய் வட்டி. கடனில் கழிந்திருந்தால் உங்களுக்கு மிச்சம்; இப்போது நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வங்கி என்ன வாதாடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அசலில் கழியுங்கள் என்று எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை’ என்பார்கள். அந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. எதற்கு என்று சொல்லாமல் கட்டிய பணம் முதலில் வட்டிக்கு, அப்புறம்தான் அசலுக்கு என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. பணம் கொடுப்பவர் அது எதற்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்குபவர் அதற்கே வரவு வைக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 59-வது பிரிவு. அது ஒருவருக்கே பல கடன்கள் பாக்கி இருக்கும் நிலையைப் பற்றியது என்றாலும், கொடுப்பவரின் சொல்லுக்குச் சட்டம் தரும் மதிப்பை நாம் எடுத்துக்காட்டலாம். ஆகவே, பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் ‘பிரின்சிபல்’ என்றோ ‘அசல்’ என்றோ தட்டச்சு செய்தீர்களா என்று பாருங்கள். செய்திருந்தால் அதுதான் உங்கள் முக்கியமான சாட்சி. இரண்டரை வருட ஸ்டேட்மெண்டையும் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு கடிதம். கடனில் இருவர் பெயரும் இருப்பதால் இருவரும் கையெழுத்திடுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்: ‘தவணைக்கு மேல் நாங்கள் செலுத்திய 90,000 ரூபாயை, ஒவ்வொரு தொகையும் வந்து சேர்ந்த தேதியிலிருந்தே அசலில் வரவு வைக்கவும். இனிமேல் தவணைக்கு மேல் வரும் எந்தத் தொகையையும் அசலிலேயே கழிக்கவும். தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம். காலத்தைக் குறைத்துப் புதிய தவணை அட்டவணை தரவும்.’ கிளையில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

‘காலத்தைக் குறைக்கவும்’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே வைத்துவிடுவார்கள். பணமும் போய், நோக்கமும் போய்விடும். இன்றைய வட்டியே நீடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 90,000 இப்போதே அசலில் கழிந்து, மாதம் 3,000 தொடர்ந்தால் 257 தவணை சுமார் 181 ஆகிறது. ஆறு வருடத்துக்கு மேல் மிச்சம். வட்டியில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சம்.

தவணையையே 26,080 ஆக மாற்றி எழுதித் தரச் சொல்லலாம் என்று கிளையில் யோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு மாதம் தையல் வேலை குறைந்து 3,000 கட்ட முடியாவிட்டாலும் அது தவணை தவறியதாகும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். விருப்பத்தொகையாக இருக்கும்வரை அது உங்கள் கையில். அதேபோல, அசலில் கூடுதலாகக் கட்டியிருக்கிறோமே என்று எந்த மாதத் தவணையையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கூடுதல் தொகை அடுத்த தவணைக்கு ஈடாகாது.

குறைந்தது இவ்வளவு இருந்தால்தான் அசலில் கழிப்போம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால் அதற்காகச் சண்டை வேண்டாம். மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து 9,000 ஆகக் கட்டுங்கள். வட்டி வித்தியாசம் மிகச் சிறியது.

கடிதம் கொடுத்த 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) இணையவழியில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவசரப்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிடாதீர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். முதலில் அவரிடம் போங்கள், அப்புறம் ஆணையம்.

கடைசித் தவணை முடிந்ததும் 30 நாளுக்குள் வங்கி உங்கள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், வங்கியிடம் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.