பெரிய விமானம் ஓட்டும் வாய்ப்பைச் சில அமெரிக்க விமானிகள் ஏன் மறுக்கிறார்கள்?

அமெரிக்க நிறுவனங்களில் விமான வகை, தளம் (பணி தொடங்கும் விமான நிலையம்), மாதப் பணி அட்டவணை, விடுப்பு ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது பணிமூப்பே. பெரும்பாலான நிறுவனங்களில் பெரிய விமானத்துக்கு மணிநேர ஊதியம் அதிகம் என்பது உண்மைதான். சரக்கு விமான நிறுவனமான யூபிஎஸ் போல எல்லா வகைக்கும் ஒரே ஊதியம் தரும் நிறுவனங்கள் குறைவு.

ஆனால் டென்வரில் வசித்து, அங்கேயே சிறிய போயிங் 737 ஓட்டும் துணை விமானி ஒருவர், நியூயார்க் அருகிலுள்ள நெவார்க் தளத்தில் பெரிய 777-க்கு மாறினால், அங்குள்ள 777 துணை விமானிகளின் பணிமூப்புப் பட்டியலின் அடிமட்டத்துக்குச் சென்று, பண்டிகை நாட்களிலும் காத்திருப்புப் பணியில் இருக்க நேரலாம். அழைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் ஆஜராக வேண்டியிருப்பதால், அவர் நெவார்க்கிலேயே வாடகை அறையில் தங்க வேண்டும். வீட்டிலிருந்து தளத்துக்குப் பறந்து வரும் நேரத்துக்கோ ஊதியம் கிடையாது, அது பணிநேரமாகவும் கணக்கிடப்படுவதில்லை.

இது வெறும் வசதிப் பிரச்சினை அன்று; பயணக் களைப்பு பாதுகாப்பையும் பாதிக்கலாம். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 உயிர்களைப் பறித்த கோல்கன் நிறுவனத்தின் 3407 எண் விமானத்தின் துணை விமானி, முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து நெவார்க் வரை பயணித்து வந்திருந்தார். ஆகவே, தளத்துக்கு அருகில் குடிபெயர இயலாதவர், பணிமூப்பு உயரும்வரை 737-இலேயே தொடர்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.