ஓட்டல் தையல்காரிக்கு என்ன தெரியும்?

கேள்வி: 1894-ல் நியூயார்க்கின் பெரிய ஓட்டல் ஒன்றில் நடக்கும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவனைப் பிரிந்து ஆறு மாதம் அங்கே தங்கும் பணக்காரப் பெண்தான் நாயகி. ஓட்டலின் தையல்காரி அவளுக்குத் தோழி. மனதில் இருப்பதையெல்லாம் அவளிடம்தான் கொட்டுகிறாள். படித்துப் பார்த்த நண்பர், “தையல்காரி வெறும் காதாக இருக்கிறாள், ஆளாக இல்லை” என்கிறார். எப்படிச் சரிசெய்வது?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் அந்தப் பெண் “அப்படியா?”, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவள் கையில் ஊசி இருப்பதாக ஒரு வரி வருகிறது. அந்த ஊசி எதையும் தைக்கவில்லை. நாயகி வாய் திறந்து சொன்னால்தான் அவளுக்கு எதுவும் தெரிகிறது. நிஜத்தில் பாதி விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். துணி சொல்லிவிடும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட வருடம் இதற்கு நல்ல வசதி. 1890-களின் நடுவில் பெண்கள் உடையின் கை, தோளிலிருந்து முழங்கைவரை பலூன்போல உப்பியது. 1895 வாக்கில் அது உச்சத்துக்குப் போய், 1897-க்குள் சுருங்கிவிட்டது. 1890-ல் தைத்த உடையை 1894-ல் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால், ஒட்டிய கையைப் பார்த்தே பழசு என்று எல்லோருக்கும் தெரியும். வசதி இருப்பவள் புதிதாகத் தைக்கக் கொடுப்பாள். உங்கள் நாயகி ஒரு பழைய பட்டு உடையோடு வந்து, “கையை மட்டும் மாற்ற முடியுமா?” என்று கேட்கட்டும். பணம் தீர்ந்துகொண்டு வருகிறது என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

உப்பிய கைக்கு நிறையத் துணி வேண்டும். அது எங்கிருந்து வரும்? 1880-களின் உடைகளில் இடுப்புக்குப் பின்னால் திண்டு வைத்துத் தூக்கி, அதன்மேல் கெஜக்கணக்கில் துணியை மடித்து விட்டிருப்பார்கள். 1890-க்குள் அந்தப் பாணி போய்விட்டது. ஆக, கல்யாணத்தின்போது தைத்த உடையின் பின்பக்கத்தைப் பிரித்தால் இரண்டு கைக்குத் துணி தேறும். தையல்காரி அதைத்தான் செய்வாள்.

பிரிக்கும்போது பாருங்கள். வெளியே வெளிறிப்போன நீலம், தையலுக்குள் மடிந்திருந்த இடத்தில் புதிதுபோல இருக்கும். பட்டில் ஒருமுறை ஊசி போன துளை லேசில் மறையாது, வரிசையாகத் தெரியும். இடுப்புப் பக்கம் அப்படி இரண்டு வரிசைத் துளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ அந்த உடையை முன்பு நாலு விரல் அளவு தளர்த்தியிருக்கிறார்கள், பிறகு பழையபடி பிடித்திருக்கிறார்கள். நாயகிக்குக் குழந்தை இல்லை என்று உங்கள் முதல் அத்தியாயம் சொல்கிறது. தையல்காரி அந்தத் துளைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அளவெடுக்கும்போது, “இடுப்பை இப்படியே விட்டுவிடட்டுமா?” என்கிறாள். நாயகி சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறாள். உங்கள் ஏழாம் அத்தியாயத்தில் மூன்று பக்கத்துக்கு நீளும் அழுகையை எடுத்துவிட்டு இதை வைக்கலாம்.

அளவெடுக்கும் காட்சியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மண்டியிட்டு, வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஓரம் பிடிப்பவளால் பேச முடியாது. முகத்தையும் பார்க்க முடியாது. நிற்பவளும் அசையக் கூடாது. யாரும் குறுக்கே பேசாத, யாரும் கண்ணைப் பார்க்காத கால் மணி நேரம் அது. மனிதர்கள் வாய்விட்டுச் சொல்வது அப்படிப்பட்ட நேரத்தில்தான். நீங்களோ இருவரையும் சோபாவில் எதிரெதிரே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறீர்கள். ஓட்டல் வேலைக்காரி விருந்தாளி அறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை மேற்பார்வையாளர் பார்த்தால், அன்றோடு வேலை போயிற்று.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஓர் ஓட்டை அடைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பணக்காரப் பெண் தன் சொந்தப் பணிப்பெண்ணோடுதான் பயணம் போவாள். உடுத்திவிடுவது, தலைவாருவது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் அவள் வேலை. அவள் இருக்கும்போது ஓட்டல் தையல்காரி எதற்கு? பணமில்லாமல் பணிப்பெண்ணை அனுப்பிவிட்டாள் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் இன்னொரு வழி நன்றாக இருக்கும். பணிப்பெண் கூடவே இருக்கிறாள், ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுப்பது கணவன். அப்போது கதவுக்கு வெளியே ஒரு காது இருக்கிறது, தையல் அறைக்கு நாயகியே இறங்கிப் போகக் காரணமும் கிடைக்கிறது.

ஆறு மாதம் தங்குவதில் சிக்கல் இல்லை. அன்றைய அமெரிக்க நகரங்களில் குடும்பத்தோடு வருடக்கணக்கில் ஓட்டலிலேயே வாழ்ந்தவர்கள் உண்டு. 1893-ல் ஐந்தாம் அவென்யூவில் வால்டார்ஃப் ஓட்டல் திறந்தாகிவிட்டது, உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அதையே பார்க்கலாம். ஆனால் நாயகி இரவில் தனியாகப் போய் உணவகத்தில் உட்காருவதை மட்டும் மாற்றுங்கள். 1907-ல்கூட, ஆண்துணை இல்லாமல் வந்த பெண்ணுரிமைப் போராளி ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்சுக்கு ஹாஃப்மன் ஹவுஸ் ஓட்டலில் இரவு உணவு தர மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டும் தோற்றார்.

தையல்காரிக்கும் ஒரு நாள் இருக்கிறது, அதை எழுதுங்கள். அவள் வேலையில் பெரும்பகுதி விருந்தாளிகளின் பட்டு இல்லை. படுக்கை விரிப்பு, மேசைத் துணி, கைத்துண்டு, திரைச்சீலை, சிப்பந்திகளின் சீருடை. நடுவில் நைந்த விரிப்பை நீளவாக்கில் வெட்டி, தேயாத இரண்டு ஓரங்களையும் நடுவே சேர்த்துத் தைப்பார்கள். விரிப்புக்கு இன்னும் கொஞ்ச காலம் உயிர், நடுவில் ஒரு தையல் மேடு. அப்படித் தைத்த விரிப்பில்தான் இவள் மேல்மாடியில் படுக்கிறாள் என்று ஒரு வரி போட்டால் போதும், இவள் ஆளாகிவிடுவாள். அப்புறம், இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஜிப்பை எடுத்துவிடுங்கள். உடைகளில் ஜிப் வர இன்னும் பல வருடம் ஆகும். கொக்கியும் பொத்தானும்தான்.

இப்படி ஒரு நட்பு நடக்குமா என்று சந்தேகம் வந்தால் எலிசபெத் கெக்லியை நினைத்துக்கொள்ளுங்கள். 1818-ல் அடிமையாகப் பிறந்து, தையலால் பெயர் எடுத்து, 1855-ல் 1,200 டாலர் கொடுத்துத் தனக்கும் மகனுக்கும் விடுதலை வாங்கியவர். அதிபர் லிங்கனின் மனைவி மேரிக்கு உடை தைத்தவர், அவருடைய அந்தரங்கத் தோழியும்கூட. லிங்கன் இறந்தபின் கடனில் மாட்டிய மேரி, தன் உடைகளை விற்க 1867-ல் ‘மிஸஸ் கிளார்க்’ என்ற பொய்ப் பெயரில் நியூயார்க்கின் செயின்ட் டெனிஸ் ஓட்டலுக்கு வந்தார். எலிசபெத் கறுப்பினப் பெண் என்பதால் நல்ல அறை தர மறுத்து, மேல்மாடியில் ஓர் அறையைக் காட்டினார்கள். மேரியும் அங்கேயே போய்ப் பக்கத்து அறையில் தங்கினார். சாப்பாட்டுக்கூடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால் எலிசபெத் அன்றிரவு பட்டினியோடு படுத்தார்.

மறு வருடம் எலிசபெத் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். மேரி அவருக்கு எழுதிய கடிதங்களும் அதில் அச்சாகிவிட்டன. நட்பு அத்தோடு முறிந்தது. வாடிக்கையாளர்களும் விலகிப்போனார்கள். வீட்டு ரகசியத்தை வெளியே சொன்ன தையல்காரியிடம் யார் அளவு கொடுப்பார்கள்? உங்கள் கதையில் இல்லாதது இந்தப் பயம்தான். நாயகி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்பவளின் தலையில் பாரம் ஏற வேண்டும். கணவனின் வக்கீல் வந்து விசாரிக்கும்போது அவளுக்கு ஒரு விலை சொல்லப்பட வேண்டும். அவள் ஒரு நிமிடமாவது யோசிக்கவும் வேண்டும்.

கடைசியாக, தமிழில் எழுதுவதால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு வசதி. அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது உட்கார்ந்திருக்கும். நாயகி ‘நீ’ என்றும், தையல்காரி ‘நீங்கள்’ என்றும், ‘அம்மா’ இல்லாமல் ‘மேடம்’ என்றும் பேசட்டும். ‘அம்மா’ போட்டால் நியூயார்க் மறைந்து நம் வீட்டுக்கூடம் வந்துவிடுகிறது. பிறகு எங்கோ ஓரிடத்தில், பதற்றத்தில், தையல்காரி வாய் தவறி ‘நீ’ என்று சொல்லட்டும். இருவரும் அதைக் கேட்டும் கேட்காததுபோல இருக்கட்டும். நாவல் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான், அதுவும் அந்த வக்கீல் வந்துபோன பிறகு.