கிளைம் குடுத்தாங்க, அடுத்த வருஷமே ரெண்டு காலையும் பாலிசில இருந்து தூக்கிட்டாங்க: குதிரை இன்சூரன்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்க பெண் குதிரைக்கு 9 வயசு. போன வருஷம் இடது முன்னங்கால லேசா நொண்ட ஆரம்பிச்சா, டாக்டர் வந்து மரத்துப்போற ஊசி போட்டு எந்த இடத்துல வலின்னு கண்டுபிடிச்சு, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லாம் எடுத்து, கால் பின்பக்கத்துல மூட்ட தாங்கற சஸ்பென்சரி லிகமெண்ட்ல (தசைநார்ல) அடின்னு சொன்னாரு. கிளைம் போட்டோம், எக்செஸ், அதாவது நம்ம கைல இருந்து போடற பங்க கழிச்சுட்டு மிச்சத்த சரியா குடுத்துட்டாங்க. ஆனா இப்ப வந்திருக்கற ரினியூவல் பேப்பர்ல "ரெண்டு முன்னங்கால்லயும் வர்ற எந்த நொண்டலும், அதனால உண்டாகற எதுவும்" கவர் ஆகாதுன்னு எக்ஸ்க்ளூஷன் போட்டிருக்காங்க, பிரீமியமும் கூடிருக்கு. வலது காலுக்கு ஒண்ணுமே ஆகல. கேன்சல் பண்ணிடலாமான்னு கோவமா வருது.

பதில்: கோவம் வர்றது சரிதான், ஆனா கேன்சல் மட்டும் இப்ப பண்ணாதீங்க. பெரும்பாலான குதிரை பாலிசில ஒரு நோய்க்கோ காயத்துக்கோ 12 மாசம் வரைக்கும்தான் வைத்தியச் செலவு குடுப்பாங்க, அந்த 12 மாசம் பில் போட்ட நாள்ல இருந்து இல்ல, முதல்ல அறிகுறி தெரிஞ்ச நாள்ல இருந்து ஓட ஆரம்பிச்சிடும். உங்களுக்கு அதுல இன்னும் மாசம் மிச்சம் இருக்கலாம். சில பாலிசில ரினியூ பண்ணலன்னா அந்த மிச்ச மாசத்துக்கான செலவும் அதோட போச்சு. அதனால முதல்ல அந்த தேதிய பாருங்க, ஸ்கேன் திரும்ப எடுக்கணும், ஷாக்வேவ் (அதிர்வலை சிகிச்சை) குடுக்கணும்னா அதுக்குள்ள முடிங்க.

இப்ப எக்ஸ்க்ளூஷனுக்கு வருவோம். ஒவ்வொரு ரினியூவலும் புது ஒப்பந்தம்தான், ஏற்கனவே தெரிஞ்ச கோளாறுக்கு அடுத்த வருஷம் கவர் குடுக்க மாட்டேன்னு அவங்க சொல்லலாம், அது நீங்க கையெழுத்துப் போட்ட பாலிசிலயே இருக்கும். இடது கால் சஸ்பென்சரிக்கு கவர் போச்சுன்னா அத ஒத்துக்கத்தான் வேணும். நான் ஒத்துக்காதது ரெண்டாவது காலையும் சேர்த்து, அதுவும் "எந்த நொண்டலும்"னு போட்டிருக்காங்க பாருங்க, அதத்தான். அவங்க சொல்ற காரணம் என்னன்னா நாவிகுலர் (குளம்புக்குள்ள இருக்கற சின்ன எலும்புல வர்ற கோளாறு), மூட்டுத் தேய்மானம் மாதிரி சில கோளாறு ஒரு கால்ல வந்தா எதிர் கால்லயும் வர வாய்ப்பு அதிகம், ரெண்டு காலுக்கும் ஒரே அமைப்பு, ஒரே லாடம், ஒரே வேலை, அப்புறம் வலிக்கற கால விட்டுட்டு நல்ல கால்ல பாரத்த போடும்ங்கறது. தேய்மானத்துக்கு இது பொருந்தும். ஆனா சேத்துல கால் மடங்கியோ, இன்னொரு குதிரை உதைச்சோ வந்த ஒரே தடவ காயத்துக்கு இத எப்படி பொருத்த முடியும்? அப்ப உங்க கையில இருக்கற பெரிய ஆயுதம் காயத்தோட காரணம்தான்.

உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் கேளுங்க. எந்த கால், அதுல சரியா எந்த பாகம், எப்படி அடிபட்டிருக்கும்னு அவரு நினைக்கறாரு, எதிர் கால் எப்படி இருந்துச்சு, இது நாலும் அதுல இருக்கணும். ஸ்கேன் எடுக்கறப்ப ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக நல்ல காலையும் சேர்த்து எடுக்கறது வழக்கம், உங்க டாக்டரும் எடுத்திருந்தா அந்த படம் தேதியோட இருக்கும், வலது கால் சுத்தமா இருந்துச்சுன்னு அதவிட நல்ல ஆதாரம் கிடையாது. இத வச்சுக்கிட்டு ரினியூவல் தேதிக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க: எக்ஸ்க்ளூஷன "இடது முன்னங்கால் சஸ்பென்சரி லிகமெண்ட்"னு மட்டும் மாத்துங்க, வெளிக்காயம் எந்த கால்ல பட்டாலும் கவர் இருக்கட்டும், இத எப்ப மறுபரிசீலனை பண்ணுவீங்கன்னு ஒரு தேதி குடுங்கன்னு. இந்த வெளிக்காயம் விஷயத்த விட்டுடாதீங்க. "எந்த நொண்டலும்"னு இருந்தா நாளைக்கு லாட ஆணி குத்தினாலும், குளம்புக்குள்ள சீழ் பிடிச்சாலும், வேலிக் கம்பி கிழிச்சு தையல் போட்டாலும் நொண்டத்தானே செய்யும், எல்லாத்துக்கும் அந்த ஒரு வரிய காட்டுவாங்க. போன்ல பேசறவங்க "அதெல்லாம் கவர் ஆகும் மேடம்"னு சொல்லலாம், பேப்பர்ல வரலன்னா அதுக்கு மதிப்பு இல்ல.

மறுபரிசீலனைன்னா பொதுவா இப்படித்தான் நடக்கும், இவ்வளவு மாசம் அறிகுறி இல்ல, மருந்து இல்ல, முழு வேலை செய்யுதுன்னு டாக்டர் பாத்து ரிப்போர்ட் குடுத்தா எக்ஸ்க்ளூஷன எடுப்பாங்க இல்ல குறைப்பாங்க. அந்த ரிப்போர்ட்டுக்கான செலவு உங்களோடது. லிகமெண்ட் திரும்ப அடிபடற பாகம்ங்கறதால இடது காலுக்கு சீக்கிரம் எடுப்பாங்கன்னு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆனா வலது கால் விஷயத்த மட்டும் விட்டுடாதீங்க, கேட்டா மாத்தறாங்க, கேக்காதவங்களுக்குத்தான் அப்படியே வருஷா வருஷம் ஓடிட்டே இருக்கு.

கேள்வி: என் குதிரைக்கு கோலிக் (கடுமையான வயித்து வலி) வந்துச்சு, ஆப்பரேஷன் இல்லாம மருந்துலயே சரியாயிடுச்சு. சின்ன கிளைம்தான். இப்ப வயிறு, குடல் சம்பந்தமா எதுக்குமே கவர் இல்லன்னு போட்டுட்டாங்க. வேற கம்பெனிக்கு மாறிடலாமா, அங்க இத சொல்லணுமா?

பதில்: சொல்லியே ஆகணும். மறைச்சா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, முதல் கிளைம் போடறப்ப டாக்டர்கிட்ட இருந்து முழு மருத்துவ வரலாற கேட்டு வாங்குவாங்க, அதுல கோலிக் இருக்கும், அந்த கிளைம் மட்டும் இல்ல பாலிசியே செல்லாதுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. சொல்லிட்டு மாறினாலும் புது கம்பெனிக்கு இது முன்னாடியே இருந்த நோய், அவங்களும் அதே எக்ஸ்க்ளூஷன போடுவாங்க, கூடவே ஆரம்பத்துல நோய்க்கு கவர் இல்லாத காத்திருப்பு நாள் வேற வரும், பல இடத்துல 14 நாள். பழைய கம்பெனி கவனிக்காம விட்ட சின்ன விஷயத்தக்கூட புதுசா படிக்கறவங்க தோண்டி எடுப்பாங்க. மாறறதுல லாபம் கம்மி.

நல்ல செய்தி என்னன்னா, மருந்துல சரியான ஒரு தடவ கோலிக்குக்கு போடற எக்ஸ்க்ளூஷன் எடுக்க வைக்கறதுக்கு கொஞ்சம் சுலபமானது. 6 மாசமோ 12 மாசமோ திரும்ப வரலன்னா நிறைய பேர் எடுத்துடறாங்க. அதுக்கு காரணத்த காட்டணும். தீவனத்த திடீர்னு மாத்தினீங்களா, தண்ணி குடிக்கறது குறைஞ்சுதா, பல்லு சரியில்லாம மெல்லாம முழுங்குச்சா, குடல்புழுவா? அத சரி பண்ணினதுக்கு ஆதாரம் வையுங்க, பல் செக்கப் பில், சாணத்துல புழு முட்டை எண்ணின ரிப்போர்ட், இது ரெண்டும் நல்லா வேலை செய்யும். குடலோட ஒரு பகுதிய மட்டும் சொல்ற மாதிரி சுருக்கவும் கேக்கலாம், இரைப்பை அல்சரையும் இதோட சேர்க்கறதுக்கு அவங்ககிட்ட என்ன காரணம் இருக்குன்னு கேளுங்க.

அதுவரைக்கும் ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க, கோலிக் ஆப்பரேஷன்ங்கறது ராத்திரில, சில மணி நேரத்துல முடிவெடுக்க வேண்டிய விஷயம், குதிரை மருத்துவத்துல பெரிய செலவுகள்ல ஒண்ணு. கவர் இல்லாத காலத்துல எவ்வளவு வரைக்கும் போக முடியும்னு வீட்ல இப்பவே பேசி வையுங்க, குதிரை தரையில புரண்டு துடிக்கறப்ப நின்னு கணக்கு போடறது யாராலயும் முடியாது.

கேள்வி: நான் கிளைமே போட்டதில்ல. தடுப்பூசி போட வந்தப்ப டாக்டர்கிட்ட "முதுக தேய்க்கறப்ப கொஞ்சம் கூச்சப்படுதே"ன்னு பேச்சுவாக்குல கேட்டேன். ஒரு வருஷம் கழிச்சு முதுகெலும்புல கிஸ்ஸிங் ஸ்பைன் (எலும்பு முனைங்க ஒண்ணோட ஒண்ணு உரசறது)னு தெரிஞ்சுது. அந்த ஒரு வரிய காட்டி முன்னாடியே இருந்த நோய்னு கிளைம தள்ளிட்டாங்க. டாக்டர்கிட்ட இனிமே வாயே திறக்கக்கூடாதா?

பதில்: இந்த கேள்வி படிச்சு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா இதனாலயே குதிரைக்கு வலி இருக்குன்னு சொல்லாம மறைக்கறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. முதுகுல கூச்சம்ங்கறது ஒரு அறிகுறி, நோய் கிடையாது. சேடில் (சேணம்) சரியா உக்காராம இருந்தா வரும், தசைப்பிடிப்புல வரும், பின்னங்கால் வலியில வரும், வேலைக்குப் புதுசா இறங்கின குதிரைக்கும் வரும். அன்னைக்குப் பாத்ததும் ஒரு வருஷம் கழிச்சு எக்ஸ்ரேல தெரிஞ்சதும் ஒண்ணுதான்னு சொல்றவங்க அதுக்கு காரணம் காட்டணும்.

முதல்ல டாக்டரோட குறிப்ப காப்பி வாங்கிப் படிங்க, அவரு என்ன வார்த்தை எழுதினாருன்னு நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. நீங்க சொன்னத எழுதினாரா, அவரே அழுத்திப் பாத்து எழுதினாராங்கறது முக்கியம். பழைய குறிப்ப திருத்தச் சொல்லாதீங்க, அது தப்பு, அவரும் செய்ய மாட்டாரு. அன்னைக்கு சிகிச்சை எதுவும் தேவைப்படல, அப்புறம் இத்தன மாசம் குதிரை நல்லா வேலை செஞ்சுதுன்னு தனியா ஒரு விளக்க லெட்டர் குடுக்கலாம். அந்த இடைப்பட்ட காலத்துல சவாரி பண்ணின வீடியோ, போட்டி பதிவு, சேடில் மாத்தின பில் எல்லாத்தையும் சேருங்க. கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுத்துல குடுத்து, அவங்களோட கடைசி பதில எழுத்துலயே கேளுங்க, அது வந்தப்புறம் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் மாதிரி வெளி அமைப்பு பல நாட்டுல இருக்கு, அங்க போகலாம். அதுக்கும் கெடு நாள் இருக்கும், தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: 18 வயசு குதிரை, மூணு எக்ஸ்க்ளூஷன். இன்னும் பிரீமியம் கட்டணுமா?

பதில்: மிச்சம் என்ன கவர் ஆகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. இந்த வயசுல பல பாலிசி விபத்துக்கு மட்டும்னு சுருங்கிடும், நோய்க்கு கிடைக்காது. அப்படின்னா வைத்தியச் செலவு பகுதிய விட்டுட்டு அந்த பணத்த மாசா மாசம் தனி அக்கவுண்ட்ல போடறத நான் சொல்வேன். குதிரை ரோட்டுக்கு ஓடி யாருக்காவது அடிபட்டா ஈடு குடுக்கற மூணாம் நபர் கவர மட்டும் விடவே விடாதீங்க, அது பெரிய தொகையா வரக்கூடியது, பிரீமியம் கம்மி.

இறப்பு கவர வச்சிருந்தீங்கன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, கருணைக்கொலைக்கு அவங்க வைக்கற நிபந்தனை கடுமையானது, வேற வழியே இல்ல, உடனே செய்யணும்னு டாக்டர் சான்றிதழ் குடுக்கணும், நாள்பட்ட வலிக்காக நீங்களா முடிவெடுத்தா பெரும்பாலும் பணம் வராது. அவசரம் இல்லன்னா முன்னாடியே அவங்களுக்குச் சொல்லணும். அவசரம்னா குதிரைய காக்க வைக்காதீங்க, டாக்டர் சொல்றத செய்யுங்க, ஆனா உடல எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸுக்கு போன் பண்ணி பிரேதப் பரிசோதனை வேணுமான்னு கேட்டுடுங்க.