ஆட்கொணர்வு மனு நிலுவையில் இருக்கும்போது சிறை மாறினால்?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக் கூட்டரசுச் சிறையில் இருந்தான். மறுவாழ்வு வகுப்புகளுக்குச் சேர வேண்டிய, முன்னதாகவே வெளியேற உதவும் சலுகை நாள்களைச் சிறை நிர்வாகம் கணக்கிடவில்லை என்று ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நீதிமன்றம் இன்னும் அழைக்கவில்லை. இதற்கிடையே அவனை லூசியானாவுக்கு மாற்றிவிட்டார்கள். மனு வீணாகிவிட்டதா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: இல்லை அம்மா. மனுவைத் தாக்கல் செய்த நாளில் அவர் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடைக்கப்பட்டிருந்தாரோ, அந்த நீதிமன்றமே தொடர்ந்து விசாரிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதற்காகவே முகாமில் அடைக்கப்பட்ட மிட்சுயே எண்டோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1942இல் கலிபோர்னியாவில் இத்தகைய மனுவைத் தாக்கல் செய்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவரை யூட்டா மாநில முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியிருந்தும் கலிபோர்னிய நீதிமன்றத்தின் அதிகாரம் போகவில்லை என்று 1944இல் உச்ச நீதிமன்றம் கூறி, அவர் விடுவிக்கப்பட வேண்டியவர் என்றும் தீர்ப்பளித்தது. ஆளை இடம் மாற்றியே வழக்கைக் கைகழுவ அரசுக்கு வழியிருக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

ஆனால், புதிய முகவரியை அவர் உடனே நீதிமன்றப் பதிவகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு பழைய சிறைக்குப் போய்த் திரும்பிவிட்டால், பதில் தரவில்லை என்ற காரணத்தாலேயே மனு தள்ளுபடியாகக்கூடும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆட்கொணர்வு என்ற பெயரைக் கேட்டதும் ஆளை நீதிபதியின் முன் நிறுத்துவார்கள் என்று தோன்றுவது இயல்பு. நடைமுறையில் இத்தகைய மனுக்களில் பெரும்பாலானவை எழுத்து வடிவிலேயே முடிவாகின்றன. நீதிபதி மனுவைப் படித்து, அதில் விசாரிக்க வேண்டிய விஷயம் இருப்பதாகக் கருதினால் அரசுத் தரப்பிடம் பதில் கேட்பார். அதற்குக் கைதி மறுமொழி தரலாம். துணை நீதிபதி ஒருவர் பரிந்துரை எழுதினால், அதை ஆட்சேபிக்க 14 நாள் அவகாசம் உண்டு. எனவே, ஐந்து மாத மௌனத்தை மறுப்பு என்று கொள்ள வேண்டாம்.

இரண்டு விவரங்களை அவரிடம் கேளுங்கள். சிறைக்குள்ளேயே மேல்முறையிடும் படிகளை முடித்த பிறகுதான் அவர் நீதிமன்றம் சென்றாரா? அவர் மீது நாடுகடத்தல் உத்தரவு இறுதியாகியுள்ளதா? அப்படி இறுதியாகியிருந்தால், இந்தச் சலுகையைக் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஈட்டிய சலுகை நாள்களை அவரால் பயன்படுத்த இயலாது. மனு தோற்றால் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 60 நாள் உண்டு. கைதி அதைச் சிறை அதிகாரியிடம் அஞ்சலுக்காக ஒப்படைக்கும் நாளே தாக்கல் நாளாகக் கருதப்படும்.